நோட்டு எடுத்துக்கொண்டு சாப்பிட வந்தவர்

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனி வேறு ஊருக்கு மாறியபோது, கூட வர விருப்பமில்லாதவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். போட்டுவிட்டு வந்தேன். தரப் பரிசோதனைப் பிரிவிலேயே காலத்தை ஓட்டியவனுக்கு வேறு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். பூந்தமல்லியில் எந்தக் கடையில் எந்த நேரத்துக்கு எது நன்றாக இருக்கும், அதற்குமேல் ஒரு பீரை எங்கே உட்கார்ந்து நிம்மதியாகக் குடிக்கலாம் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

நகரத்தில் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் நடைகளைப் பற்றி போனில் பார்த்திருந்தேன். அதே மாதிரி நானும் ஒன்று அறிவித்தேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பேருந்து நிலைய வாசலில் கூட வேண்டும். அங்கிருந்து கரையான்சாவடி வரை கடை கடையாகச் சாப்பிட்டுக்கொண்டே நடந்து, கடைசியில் ஒரு மாடி பாரில் பீரோடு முடித்துக்கொள்வோம். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். போரூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று வாரம் எட்டுப் பேர், பத்துப் பேர் தேறினார்கள்.

எல்லாம் நன்றாகப் போனாலும் எனக்குள் இரண்டு பயம் இருந்தது. இப்படிக் கூட்டம் சேர்த்துக் கூட்டிப்போய்க் குடிக்க வைப்பதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. நான் யாரையும் கேட்கவும் இல்லை. இன்னொன்று, நான் சொன்ன கதைகளில் பாதி என் கைச்சரக்கு. ஆட்டுக்கால் பாயாக் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, “இந்தக் குழம்புச் சட்டி மூணு தலைமுறையா அடுப்பை விட்டு இறங்கினதே இல்லை” என்பேன். அந்தக் கடை கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால் திறந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த மனிதர் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். என் வயதுதான் இருக்கும். முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் காலில் கனமான கறுப்பு ஷூ. முதல் சந்தேகம் அந்த ஷூவைப் பார்த்ததும் வந்தது. சாப்பிட வருகிறவன் செருப்பில்தான் வருவான். சட்டைப் பையில் ஒரு பேனா, கையில் சின்ன நோட்டு.

என் கதைகளை அவர் கேட்டுக்கொண்டார், சிரிக்கவில்லை. மூன்று தலைமுறைச் சட்டியைப் பற்றிச் சொன்னபோது சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.  ஒவ்வொரு தட்டையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடி நீளமாக மூச்சிழுத்தார். பிறகுதான் வாயில் வைத்தார். வைத்த பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி, “உங்களுக்கு எப்படி இருக்கு? காரம் மொதல்ல தெரியுதா, பின்னாடி தெரியுதா?” என்று கேட்டார். அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார். என்னிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பாரில் எல்லோரும் ஜில்லென்று ஊற்றிக்கொண்டபோது, இவர் தன் கிளாஸை நுரை அடங்கும்வரை அப்படியே வைத்திருந்தார். வேகவைத்த வேர்க்கடலையை உரித்து வரிசையாக அடுக்கினார். பாதி பீரை மிச்சம் வைத்துவிட்டு, “ரொம்ப நன்றி சார்” என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறும் பெயர் கொடுத்திருந்தார்.

ஒரே நடைக்கு யாராவது இரண்டு முறை வருவார்களா? பாருக்குப் போகும் படிக்கட்டின் அடியில் போட்டி வறுவல் கடை வைத்திருப்பவன் என்னோடு பள்ளியில் படித்தவன். போட்டி என்றால் ஆட்டுக்குடல். கழுவுகிற விதத்தில்தான் அதன் ருசியே இருக்கிறது, அவன் நன்றாகக் கழுவுவான். அவனிடம் சொன்னேன். அவன் கரண்டியை நிறுத்திவிட்டு அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தான்.

“மச்சான், ஷூவப் பாரு. இது இன்னா சாப்பிட வந்த ஆளு மாரியா கீது? கவர்மெண்டுதான். ஒண்ணு சாப்பாட்டு டிபார்ட்மெண்டு, இல்லாங்காட்டி சரக்கு டிபார்ட்மெண்டு.”

“அப்படின்னா வந்தன்னிக்கே புடிச்சிருக்கலாமே?”

“எவிடென்ஸ் சேத்துகினு கீறான்டா.”

அன்றைக்கு நான் பாருக்குப் போகவே இல்லை. எதிரே இருந்த டீக்கடையோடு நடையை முடித்துவிட்டேன். பீருக்காகவே வந்த பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். பாயாக் கடையில் தலைமுறைக் கதையையும் விட்டுவிட்டு, “நல்லா இருக்கும், சாப்பிடுங்க” என்று மட்டும் சொன்னேன். அந்த மனிதர் அதையும் கவனித்தார் என்று எனக்குத் தோன்றியது. அந்த வாரம் முழுக்க வெவ்வேறு விதமாக யோசித்தேன். வேறு எந்தக் கம்பெனியாவது என் வழியைத் திருடிக்கொண்டுபோய்ப் பெரிதாக நடத்த ஆள் அனுப்பியிருக்கிறதோ? மெட்ரோ வேலைக்காகக் கடைகளை அளக்க வந்தவரோ? எதுவாக இருந்தாலும் நேரே போய்க் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அதற்குத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் வாரமும் வந்தார். பாயாக் கடையில் கை கழுவப் போனபோது நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் திறந்து பார்த்தேன். தேதி, நேரம், கடை எல்லாம் சின்ன எழுத்தில் சுத்தமாக இருந்தன. அதற்குக் கீழே:

‘கண்ணாடி போட்ட பெண். பாயா. மழையில் நனைந்த கம்பளி, அப்புறம் மிளகு.’

‘மஞ்சள் டீஷர்ட். பீர். பேக்கரி வாசல்.’

‘உயரமான பையன். போட்டி. சொல்லத் தெரியவில்லை என்கிறான். மறுபடி கேட்க வேண்டும்.’

 அது சாட்சிகளின் வாக்குமூலம் என்று முடிவுகட்டினேன். யார் எங்கே என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்று ஆள் அடையாளத்தோடு எழுதி வைத்திருக்கிறார். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவர் திரும்பி வந்ததும் சிரித்தேன். அவரும் லேசாகப் புன்னகைத்தார்.

நான்காம் வாரம் நான் செய்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்று காலையிலேயே நண்பன் கடைக்குப் போனேன். முதல் நாள் மீந்த போட்டியை ஒரு வாளியில் போட்டுப் பின்பக்கம் வைத்திருந்தான். மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இதுல ஒரு தட்டு அந்த ஆளுக்கு வை” என்றேன்.

“தோ பாரு, வேணாம் மச்சான். நேத்தி சரக்கு. நாத்தம் குப்புனு தூக்குது. நாய்ங்களுக்கு எடுத்து வெச்சிகீறேன்.”

“அதான் வேணும். ஆபீசரா இருந்தா மோந்து பார்த்ததும் கார்டை எடுப்பான். வெளியாளா இருந்தா தட்டைத் தள்ளிவிட்டு உன்னைத் திட்டுவான். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடும். வாயில வைக்கிறதுக்கு முன்னாடி நான் புடுங்கிக்கிறேன்.”

“ரெண்டும் இல்லாம மூணாவதா ஒண்ணு ஆச்சுன்னா?”

“இன்னாடா மூணாவது?”

அவன் தலையாட்டிவிட்டு வாளியை மூடினான். ஆனாலும் அன்று சாயங்காலம் வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறு மணிக்கு அவன் கடை முன்னால் நின்றோம். எல்லோருக்கும் புதிதாக வறுத்தது வந்தது. அவருக்கு மட்டும் அந்தத் தட்டு, மேலே வெங்காயமும் எலுமிச்சையும் தூவி. நாலடி தள்ளி நின்ற எனக்கே நாற்றம் எட்டியது. அவர் வழக்கம்போலத் தட்டை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். ஆழமாக இழுத்தார்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எடுத்து வாயில் வைத்து மென்றார்.

நான் பிடுங்கியிருக்க வேண்டும். கை எழவில்லை. நடிக்கிறார், சாட்சிக்காக வேண்டுமென்றே சாப்பிடுகிறார் என்று அப்போதும் என் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. அவர் இரண்டாவது துண்டையும் மென்றுகொண்டே பக்கத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பினார்.

“எப்படிம்மா இருக்கு?”

“செமையா இருக்கு அங்கிள். கொத்தமல்லி வறுத்துப் போட்டிருக்காங்க போல.”

அவர் தட்டை இடுப்புயரப் பலகையில் வைத்துவிட்டு அதை எழுதிக்கொண்டார். பிறகு மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார். அப்போதுதான் நான் பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டேன்.

எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண் கீழே விழுந்ததைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ அங்கிள், இது கெட்டுப்போயிருக்கு! உங்களுக்கு வாசனையே வரலையா?”

 அவர் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

“வரலைம்மா” என்றார். “ரெண்டு வருஷமா எதுவுமே வரலை.”

நண்பன் உப்பு கரைத்த தண்ணீரை ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து குடிக்க வைத்தான். கடைக்குப் பின்னால் அவர் வாந்தியெடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவனும் அவன்தான். நான் பக்கத்தில் நின்றேன். அந்த நேரத்தில் முதலில் எனக்குள் வந்தது வெட்கம் இல்லை. இவர் ஆபீசர் இல்லை என்ற நிம்மதி வந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூட்டத்தை மாடிக்கு அனுப்பினேன். பாதிப் பேர் போகாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவரை பெஞ்சில் உட்கார வைத்து, அந்தத் தட்டை வைக்கச் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். பருத்திப்பட்டில் வீடு, ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல் மாஸ்டர் என்று சொன்னார். ஷூ அங்கே கொடுத்த பாதுகாப்பு ஷூ. கம்பெனியில் பல வருடம் அதே மாதிரி ஷூவைப் போட்டு நடந்த எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

“ஒரு காய்ச்சல் வந்துச்சு சார். காய்ச்சல் போயிடுச்சு, வாசனை திரும்பி வரலை. நாக்குக்கு உப்பு, புளிப்பு, கசப்பு தெரியும், அவ்வளவுதான். சாம்பாரும் ரசமும் எனக்கு ஒண்ணுதான். கையளவை வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். வேலை போயிடும்னு அங்க யார்கிட்டயும் சொல்லலை.”

“இங்க எதுக்கு வந்தீங்க?” என்று இப்போதுதான் கேட்டேன்.

“வீட்ல, கேண்டீன்ல எல்லாம் சாப்பிட்டா ‘நல்லாருக்கு’ன்னுவாங்க, இல்ல ‘நல்லால்ல’ன்னுவாங்க. வாசனை எப்படி இருக்குன்னு யார் சொல்றாங்க? இங்க வர்ற பசங்க சொல்றாங்க சார். கம்பளி மாதிரி, பேக்கரி மாதிரின்னு. அதைக் கேட்டுக்கிட்டே மூச்சை இழுத்தா, பழசு ஏதாவது ஞாபகம் வருமான்னு பார்க்கத்தான் வந்தேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க நேராவே கேட்டிருக்கலாமே சார்.”

“உங்கள ஆபீசர்னு நெனச்சிட்டேன்.”

“என்னையா?” என்றார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினேன். இரண்டு நாள் போன் செய்தும் எடுக்கவில்லை. உடம்பு மோசமாகிவிட்டதோ என்று ஒரு பக்கம் கவலை. புகார் கொடுக்கப் போயிருப்பாரோ என்று இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்றாம் நாள் அவரே வீட்டு விலாசத்தை அனுப்பி, ‘நேரம் இருந்தால் வாங்க’ என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த ‘வாங்க’வில் என்ன இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் தெரு. கதவைத் திறந்தவர் அவர் மனைவி. உள்ளே கூப்பிடாமல் என்னைக் காலிலிருந்து தலைவரை ஒரு முறை பார்த்தார்.

“நீங்கதானா அது?”

“ஆமாங்க” என்றேன்.

“ரெண்டு நாளா கஞ்சித் தண்ணிதான் உள்ள போச்சு. காலைல பால் நல்லாருக்கா கெட்டுப்போச்சான்னு நான் மோந்து பார்த்துக் குடுக்குறேன் அவருக்கு. நீங்க தெரிஞ்சே குடுத்தீங்களாமே?”

 மாஸ்டர் உள்ளிருந்து, “வரச் சொல்லு” என்றார். கொஞ்சம் இளைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் யோசித்துவைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. “தப்புப் பண்ணிட்டேன்” என்பது மட்டும் வந்தது. அவர் தலையாட்டினார். “மூணாம் மனுஷனைப் பார்த்தா பயம் வர்றது சகஜம்தான். ஆனா சாப்பாட்டுல வெச்சு சோதிக்கக் கூடாது சார். நான் சமையல்காரன், அதான் சொல்றேன்” என்றார்.

அந்தம்மா காபி கொண்டுவந்து வைத்தார். எடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. டம்ளர் வாய்க்குப் போகும் முன்பே மூக்கருகே ஒரு நொடி நின்றுவிட்டது.

அந்தம்மா அதைப் பார்த்துவிட்டார். “தைரியமா குடிங்க. எங்க ஊட்ல அந்த வழக்கம் இல்ல.”

கட்டிலில் இருந்தவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு முகம் சுட்டது. ஒரே மூச்சில் குடித்தேன்.

அந்த வாரமே அவர் கேண்டீன் காண்ட்ராக்டரிடம் உண்மையைச் சொன்னார். நான் வைக்கச் சொன்ன தட்டில் சாப்பிட்டபோது வந்த பயம்தான் காரணமாம். நாளைக்கு இதே மாதிரி தெரியாமல் நானூறு பேருக்குப் போட்டுவிட்டால் என்ன ஆவது என்று தோன்றியிருக்கிறது. வேலை போகவில்லை. சப்பாத்திப் பிரிவுக்கு மாற்றினார்கள். மாஸ்டர் என்ற பெயர் போயிற்று. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடைக்கு வருகிறார். நண்பன் அவருக்கு வைக்கும் தட்டிலிருந்து முதலில் ஒரு துண்டைத் தான் தின்று காட்டுவான். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பதில்லை. பாயாக் கடையில் நான் பழையபடி கதையை ஆரம்பித்தால் அவர் என் முழங்கையைத் தொடுவார். “கதை வேணாம் சார். என்ன வாசனை வருது, அதைச் சொல்லுங்க” என்பார். எனக்குச் சட்டென்று சொல்ல வராது. இத்தனை வருடம் தின்ற பண்டத்தை முதல் தடவையாக மோந்து பார்ப்பவன்போல நின்று, எலும்பு, மஞ்சள், கொஞ்சம் கரி என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார்.

போன தடவை பாரில் உட்கார்ந்திருந்தபோது, கிளாஸை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, “சார், ஈர மண்ணு மாதிரி லேசா ஏதோ வந்துச்சு” என்றார். நான் சந்தோஷப்பட்டேன். உண்மையிலேயே வந்ததா, என் மனம் ஆறட்டும் என்று சொன்னாரா? தெரியவில்லை. இந்த முறை கேட்டேன்.

“தெரியலை சார்” என்றார். “எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு.”