மஞ்சள் தண்ணீர் பட்ட ஹார்ட் டிஸ்க்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஆயுத பூஜைக்குத் தப்பிக்கிற பொருள் எதுவும் இல்லை. கொழுந்து வெட்டும் மெஷின், தொழிற்சாலை உருளை, லோரி, கங்காணியின் மோட்டார் சைக்கிள், ஆபீஸ் பிரிண்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. எனக்கு இதில் மறுப்பு கிடையாது. தொழிற்சாலை ஆபீசில் என் கீபோர்டுக்கு நானே பொட்டு வைக்கிறவள்தான். ஆனால் அந்த வருடம் எங்கள் பூசாரி கோயில் கம்ப்யூட்டருக்குச் சந்தனத்தோடு நிறுத்தாமல் மாவிலையால் மஞ்சள் தண்ணீரும் தெளித்தார். தாராளமாகவே தெளித்தார். கம்ப்யூட்டர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் ஆபீசில் கழித்துப்போட்டது. நான்தான் லினக்ஸ் ஏற்றி, பாட்டுகளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, கோயில் அறையில் வைத்தேன். அதற்கு ஒரே வேலை. விடிகாலையில், ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குக் கூடுவதற்கு முன்னால், ஒலிபெருக்கியில் ஒரு மாரியம்மன் பாட்டைப் போடவேண்டும். பாடியவர் சினிமாக்காரர் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர், கொழுந்து லோரி ஓட்டிய அண்ணன். பனி மூடிய மலையில் முதலில் அவர் குரல்தான் கேட்கும். அப்புறம்தான் சேவல்.

அந்த அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். குரல் மட்டும் நிற்கவில்லை. காரியம் முடிந்ததும் கோயில் தலைவர் அவர் மனைவியிடம் போய், கஷ்டமாக இருந்தால் பாட்டை மாற்றிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். அந்த அக்கா பதறிப்போய்விட்டார். "மாத்தாதீங்கண்ணே. அவரு எழுப்பிவிட்டாத்தான் எனக்கு எந்திரிக்கவே வரும்" என்றார். பாட்டைப் பதிவு செய்த கைபேசி எப்போதோ கெட்டுப்போயிருந்தது. அவர் குரல் உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த ஹார்ட் டிஸ்க்தான். இன்னொரு டிஸ்க் வாங்கிக் கொடுங்கள், ஒரு நகல் எடுத்து வைக்கிறேன் என்று நான் தலைவரிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டிருந்தேன். கோபுரத்துக்குப் பெயிண்ட் அடித்த பிறகு பார்க்கலாம் என்றார்.

மஞ்சள் தண்ணீர் உள்ளே போனதும் ஒரு பொறி, கருகிய வாடை, அவ்வளவுதான். மறுநாள் விடிகாலை எஸ்டேட் ஊமையாகிவிட்டது. வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள்கூடப் பெரட்டுக்குத் தாமதமாக வந்து, பாட்டு எங்கே என்று கையால் காதைத் தொட்டுக் கேட்டார்கள். அக்கா டம்ளரைக் கையில் பிடித்தபடி கோயில் பக்கம் பார்த்து நின்றார். எனக்குப் பூசாரி மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைவர் என்னைக் கோயில் அறைக்குக் கூப்பிட்டார். கையில் புது ஹார்ட் டிஸ்க். கம்போங் ராஜா டவுனுக்குப் போய் வாங்கி வந்திருந்தார். பழையதன் அதே கம்பெனி, அதே அளவு, அதே கறுப்பு. இதற்கும் சந்தனப் பொட்டு வைத்தாகிவிட்டது.

"பழசு ரோசாக்தான்மா, கெட்டுப்போச்சு, விட்டுத்தள்ளு லா. புதுசுல நல்ல பாட்டா ஏத்திருவோம். பழசையும் ஃபார்மட் அடிச்சுப் பாரு, வந்துச்சுன்னா லாபந்தானே" என்றார்.

அவருக்குப் பின்னால் கதவோரம் அக்கா நின்றிருந்தார். "தங்கச்சி, அவரு கொரலு அதுக்குள்ளதானே இருக்கு? தண்ணி பட்டா அழிஞ்சிருமா?"

"தெரியலக்கா. பாத்துட்டுச் சொல்றேன்."

இரண்டு டிஸ்க்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. புதியதை அக்காவிடம் கொடுத்து, "நான் கேக்குற வரைக்கும் மடியிலயே வச்சிருங்க" என்றேன். பழையதைத் துடைத்து, புது வயர் போட்டு என் லேப்டாப்பில் செருகினேன். சுற்றியது! அந்த முனகல் சத்தத்தைக் கேட்டு எனக்குப் பாதி உயிர் வந்தது. திறக்கச் சொன்னேன். கறுப்புத் திரையில் பதில் வந்தது: சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது.

ஒரு டிஸ்க்கில் கோப்பு முறைமையை உருவாக்குவது, ஆளில்லாத மலையில் ஒரே மூச்சில் லயங்களுக்குக் கோடு போட்டு, வீட்டுக்கு வீடு நம்பர் அடிப்பது போன்ற வேலை. எந்த லயம் எங்கே தொடங்குகிறது, எத்தனை வீடு என்கிற விவரமெல்லாம் முகப்பில் ஓர் இடத்தில் இருக்கும். அதுதான் சூப்பர்பிளாக். அது போய்விட்டால் வீடுகள் அப்படியே இருக்கும், ஆட்களும் உள்ளே இருப்பார்கள், போகிறவனுக்குத்தான் வழி தெரியாது. டிஸ்க் காலியாகத் தெரியும்.

ஆனால் உருவாக்குகிற கட்டளை கெட்டிக்காரக் கட்டளை. முகப்பு விவரத்தை நகலெடுத்து, டிஸ்க் முழுக்க அங்கங்கே பதுக்கியும் வைக்கும். எங்கெங்கே பதுக்கினேன் என்று உருவாக்குகிற அன்றைக்குத் திரையில் ஒருமுறை சொல்லும். அதை யார் எழுதி வைக்கிறார்கள்?

அந்த இடங்களை மறுபடி தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு என்று படித்திருந்தேன். செய்து பார்த்ததில்லை. எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக உருவாக்குகிற அதே mkfs கட்டளையைப் பழைய டிஸ்க்கின் மேலேயே ஏவ வேண்டும். நடுவில் -n என்று ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் அது எதையும் எழுதாது. நான் உருவாக்குவதாக இருந்தால் இப்படி இப்படி உருவாக்குவேன் என்று சொல்லிக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்த ஓர் எழுத்து விட்டுப்போனால் அண்ணன் போனார். வழக்கமாக, டிஸ்க்கில் ஏதாவது இருந்தால் "மேலே போகட்டுமா?" என்று அந்தக் கட்டளை ஒரு வார்த்தை கேட்கும். முகப்பு கெட்ட டிஸ்க்கிடம் அதுவும் கேட்காது. அதன் கண்ணுக்கு அது வெறும் இடம்.

அடித்தேன். வாய்விட்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். "ஏன்மா மந்திரம் சொல்ற மாதிரி சொல்ற?" என்றார் தலைவர். "கொஞ்சம் சும்மா இருங்கண்ணே!" என்று கத்திவிட்டேன். கோயிலில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். நான் மறுபடி படித்து, கண்ணை மூடிக்கொண்டு என்டரைத் தட்டினேன்.

கண் இமைக்கும் நேரத்தில் எண்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் எண் 32768.

அதே அளவு டிஸ்க், அதே கட்டளை. இன்றைக்குச் செய்தால் எங்கே வைப்பேன் என்று அது சொல்கிறது என்றால், அன்றைக்கும் அங்கேதான் வைத்திருக்கும். அதற்கு அன்றைய ஞாபகம் ஒன்றும் கிடையாது. என்னைத் தெரியாது, எங்கள் எஸ்டேட்டைத் தெரியாது, இந்தப் பாட்டைக் கேட்டதில்லை. ஆனாலும் எத்தனை முறை, எந்த ஊரில், யார் கேட்டாலும் மாறாத பதில். யாரோ எங்கேயோ உட்கார்ந்து, ஒரு நாள் முகப்பு கெட்டுப்போகும், அன்றைக்கு ஒருத்தி தேடி வருவாள் என்று யோசித்து இப்படிச் செய்திருக்கிறார்கள். கோயிலுக்குள் எத்தனையோ முறை கை கூப்பியிருக்கிறேன். அந்தக் கோயிலை ஒட்டிய அறையில் அன்று ஓர் எண்ணைப் பார்த்துக் கை தானாகக் கூடியது.

"அக்கா, புதுசக் குடுங்க."

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சூடாக இருந்தது. அதில் நிஜமாகவே கோப்பு முறைமையை உருவாக்கினேன். கடையிலிருந்து வந்த டிஸ்க்கில் கம்பெனி போட்டுக் கொடுத்த ஏதோ ஒன்று இருந்ததால், கட்டளை மரியாதையாகக் கேட்டது: இதில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, மேலே போகட்டுமா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு கவலை, அண்ணன் இருக்கும் டிஸ்க்குக்கு ஒரு வார்த்தை கிடையாது. போ என்றேன். நொடியில் அத்தனை பெரிய இடமும் கோடு போடப்பட்டுத் தயாராகிவிட்டது. நகல் இடங்களின் வரிசையும் வந்தது. அதே எண்கள்.

பிறகு பழைய டிஸ்க்கை, படிக்க மட்டும் என்று சொல்லி, அந்த முதல் நகலின் இடத்தைக் காட்டித் திறக்கச் சொன்னேன். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பெயர்கள் வந்தன. திருவிழாப் படங்கள், உறுமி மேளம், தீமிதி. கடைசியில் அண்ணனின் பாட்டு.

முதல் வேலையாக எல்லாவற்றையும் புதிய டிஸ்க்குக்கு மாற்றினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் பேசுவது கேட்காத அளவுக்கு அடித்தது. தலைவர் எழுந்து தேநீர் வாங்கி வந்தார். எதிரில் வைத்துவிட்டு, "பூசாரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்மா" என்றார்.

மாற்றி முடித்ததும் அண்ணன் பாட்டின் கோப்புகளில் முதலில் கையில் பட்டதைத் தட்டினேன். அது ஒலிபெருக்கியில் தினமும் வருவது இல்லை, வெட்டாத அசல் பதிவு. பாட்டுக்கு முன்னால் இருந்த பேச்சையெல்லாம் ஒலிபெருக்கிக்காக நான்தான் வெட்டி வைத்திருந்தேன். அவர்கள் வீட்டு முன்னறையில் எடுத்தது. ஓர் இருமல். டம்ளர் வைக்கிற சத்தம். பின்னால் அந்தப் பதிவிலும் மழை. அப்புறம் அண்ணன் பேசினார்.

"ஏ புள்ள, கதவச் சாத்து. மழ சத்தம் ஏறுது பாரு."

அக்கா எழுந்தார். கோயில் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது.