கருகமணியும் நெஞ்சுக்குள் உருண்ட கல்லும்

இரண்டு மாதமாக எனக்கு இருமல். கொடைக்கானல் குளிரில் இருமாதவர் யார் என்று நான் சட்டை பண்ணவில்லை. என் மாமியார் சட்டை பண்ணினார். சயரோகம் இல்லையென்று டாக்டர் சொல்லும்வரை பால் கொடுக்கக்கூடாது என்று ஏழு மாதப் பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். பால் கட்டி மார்பு வலித்தது. பிள்ளை அங்கே அழுதால் எனக்கு இங்கே ரவிக்கை நனையும்.

வெள்ளனே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கினோம், நானும், பஜாரில் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரரும்.

நெஞ்சைப் படம் பிடிக்க வேண்டும், கழுத்தில் கிடப்பதைக் கழற்று என்றார் டாக்டரம்மா. சங்கிலியைக் கழற்றினேன். கருகமணியை மாட்டேன் என்றேன். நிக்காஹ் அன்று கட்டியது. கட்டியவர் உயிரோடிருக்கக் கழற்றுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மேலே இழுத்துப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றேன்.

படத்தில் இடப்பக்க விலாவோரம் கொண்டைக்கடலை அளவில் ஒரு வெள்ளை. அது கருகமணிதான், பல்லிலிருந்து நழுவிவிட்டது என்றார் டாக்டரம்மா. இம்முறை படுக்கவைத்து எடுத்தார்கள். வெள்ளை நாலு விரல் தள்ளிப் போயிருந்தது. நெஞ்சுக்குள் இருப்பது நகருமா, நகர்வது மணிதான் என்று கோபித்துக்கொண்டார். நான் கவ்வியதை விடவில்லை; என் தாடை வலிதான் அதற்குச் சாட்சி.

"கழத்துனா படம். இல்லேன்னா ஊருக்குப் போம்மா. சயமா இல்லையான்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே இருந்த வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே என் கழுத்தில் கை வைத்தார்.

"நானே எடுக்கேன் புள்ள. ஒன் எதிர்லதான நிக்கேன். என் கையில கெடக்கட்டும்."

"கண்ணுக்கு மறைஞ்சு போயிராதீங்க மச்சான்."

கருகமணியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

வெள்ளை அப்போதும் இருந்தது. வலப்பக்கம் சாய்த்தால் ஓரிடம், இடப்பக்கம் சாய்த்தால் வேறிடம். டாக்டரம்மா படங்களை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். உள்ளே ஏதோ கொழுப்புத் துணுக்கு அறுந்து, சுண்ணாம்பு ஏறிக் கல்லாகி, எதிலும் ஒட்டாமல் உருள்கிறதாம். புத்தகத்தில் படித்திருக்கிறாராம், கண்ணால் கண்டது இப்போதுதானாம். சயம் இப்படி உருளாதாம், நுரையீரல் சுத்தமாம். இருமல் குளிரால் வந்தது, கல்லுக்கு மருந்தே வேண்டாம் என்றார்.

"பாலு?" என்றேன்.

"இன்னைக்கே குடும்மா."

பஸ் ஏறுமுன் வீட்டுக்காரர் கருகமணியைத் திரும்பக் கட்டினார். வீட்டு வாசலில் நின்ற மாமியார் முதலில் என் கழுத்தைப் பார்த்தார், பிறகுதான் முகத்தை.

"சயம் இல்லையாம் மாமி. உள்ள ஒரு கல்லு கெடக்காம்."

"கெடக்காம என்ன செய்யும்? அரிசியில கல்லுப் பொறுக்கச் சொன்னா என்னிக்குப் பொறுக்குன?" என்றவர், "இந்தா, வெரசாப் புடி" என்று பிள்ளையை நீட்டினார்.

ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தேன். கல் எந்தப் பக்கம் உருண்டதோ, நான் கவனிக்கவில்லை.