ஆள் பொந்து

அன்று காலை எழுந்ததும் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிறைவதற்குள் பழனியப்பனின் மனைவி அழைத்தார். “அவரு போயிட்டாருங்க அக்கா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு. வண்டி வரதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க.”

சூரமங்கலத்தில், கிடங்குகளுக்கு வரைபடம் போடும் எங்கள் சிறிய அலுவலகத்தில் பழனியப்பன் தள மேற்பார்வையாளர். நான் பொறியாளர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. லாரி பின்புறமாக வந்து நிற்கும் சரக்கு மேடைகளும், அவற்றை நோக்கி இறங்கும் சாய்தளங்களும்தான் எங்கள் வேலை. அவருடன் வெயிலில் நின்ற கொத்தனார்களுக்கும், அந்த மேடைகளில் மூட்டை ஏற்றுபவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை மேடையின் உயரத்தைப் புத்தகத்தில் பார்த்துப் போட்டுவிட்டேன். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பினார். நானும் போனேன். இந்தப் பக்கம் ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வோர் அளவில் லாரிக்குப் பாடி கட்டுகிறது. பாரம் ஏறினால் அடியிலுள்ள வில்பட்டை அமுங்கி அந்த அளவும் மாறும். நின்றிருந்த லாரிகளையெல்லாம் அவர் அளப்பதைப் பார்த்து ஒரு டிரைவர் கேட்டார்: “ஏனுங்க, என்ற வண்டிக்குச் சட்டை தெக்கப் போறீங்களா?”

“சட்டை இல்லீங்க, செருப்பு. கால் அளவு தெரியோணுமில்ல?” என்றார் பழனியப்பன், சிரிக்காமல்.

சாய்தளத்தில் பின்னோக்கி வரும் லாரிக்கும் மேடைச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் மாட்டிக்கொண்டால் ஓட வழியில்லை. அதனால் மேடைக்கு அடியில், சுவரிலேயே இரண்டடி உள்வாங்கிய இடம் ஒன்றை அவர் எப்போதும் கேட்பார். அதற்கு அவர் வைத்த பெயர் ஆள் பொந்து. திருச்செங்கோட்டில் ஒரு நூல் கிடங்கு முதலாளி கேலி செய்தார்: “அதுல எலிதானுங்க குடியிருக்கும்.”

“இருக்கட்டுங்க. ஆள் பூந்தா எலி நகுந்துக்கும். லாரி நகுராதுங்க.”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பொந்தும் வந்தது.

போன மாதம் ஓமலூர் கிடங்கில் வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி நெருக்கினார்கள். பொந்து வைத்தால் பலகை அடைப்பதும் கம்பி கட்டுவதும் நாலு நாள் இழுக்கும். நான் அதை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன். பழனியப்பன் தாளை நெடுநேரம் பார்த்தார்.

“எடுத்துட்டீங்களா?”

“இந்த ஒரு தடவைதான்.”

“லாரி எங்க நிக்குமுன்னு எல்லாரும் பாக்கறாங்க மேடம். ஆள் எங்க நிப்பான்னு நீங்களாவது பாப்பீங்கன்னு இருந்தேன்.”

மறுநாள் அவரே நின்று கான்கிரீட் போட்டு முடித்தார். நான் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நாங்கள் முழுதாகப் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

எரியூட்டிவிட்டுத் திரும்பும்போது அவருடைய நல்ல குணங்களை எல்லோரும் சொன்னார்கள். எந்த வரைபடத்தை எடுத்தாலும் முதலில் அதில் மனிதன் நிற்கும் இடத்தைத் தேடும் அவருடைய பார்வை, அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

ஓமலூர் கிடங்குக்கு அடுத்த வாரம் முதல் லோடு வருகிறது. அதற்கு முன் அங்கே போய், சுவரை இரண்டடி உடைக்க வேண்டும், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். கிடங்கு முதலாளி மறுத்தால், அந்தக் கட்டடம் பாதுகாப்பானது என்று போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுவேன். அலுவலகத்தில் இது இன்னும் யாருக்கும் தெரியாது.