கட்டத் தாளில் கோமதி வரைந்த கேம்

மகனின் கேம் பெட்டி சூடாகிப் பிளாஸ்டிக் வாசனை வந்தது. "செத்தவன் கல்லாயிடுவான், அடுத்த உயிரு அதுமேல ஏறிப் போவும். யாருமே யோசிக்காத ஐடியாப்பா!" என்றான்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இதே வாசனையும் வியர்வையும் பட்டன்களின் தடதடப்புமாக இருந்த, இன்று செல்போன் கடையாகிவிட்ட கேம் கடையில், புடவை டிசைன் போடுபவரின் மகளும் என் வகுப்புத் தோழியுமான கோமதி, பள்ளி நாட்களில் ஒருநாள் அப்பாவின் கட்டத் தாளில் இதையே வரைந்து காட்டினாள்.

"பழைய கேம்தான். கொஞ்சம் மாத்தியிருக்கேன்" என்றாள்.

"காப்பியடிச்சிகினு வந்துட்டா!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். தாளை மடித்துக்கொண்டு போனவள் பிறகு வரவேயில்லை.

நாங்கள் கொண்டாடிய கேம்களும் பழையதை மாற்றியவைதான் என்று அன்றே எனக்குத் தெரியும். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியதைத்தான் தாங்க முடியவில்லை.

மகனிடம் "நல்லாருக்குடா" என்றேன்.