பேச்சை எழுதிய கார்

அந்தத் திரையில் முதன்முதலாக வந்த வரி தப்பாக வந்தது. நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாண்ணே, தெரியுதா?" என்று கேட்டேன். டேஷ்போர்டில் ரேடியோ இருந்த இடத்தில் நான் பொருத்தியிருந்த சின்னத் திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சின்ன அண்ணி தெரியுதா" என்று எழுதியது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த அண்ணன் அதை எழுத்துக்கூட்டுவதுபோல் உரக்கப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இருக்கிற ஒருத்தியவே சமாளிக்க முடியல, இதுல சின்ன அண்ணி வேறயா?" என்று சொல்லிவிட்டுக் கடை அதிரச் சிரித்தார். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் அவருடைய சிரிப்புக்கு அளவு இருக்காது. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார்க் கதவைப் பிடித்தபடி வெளியே நின்றிருந்த அண்ணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அண்ணன் எனக்கு உறவில்லை. கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக, கார்களுக்கு ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். சத்தம் கூட வேண்டும், இன்னும் கூட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். காது கேட்காத ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்த ஒரு முறைதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழுக்கக் காய்ந்த இரும்பைச் சம்மட்டி இயந்திரத்தின் கீழே வைத்து அடிக்கிற ஒரு பட்டறையில் அவர் பல வருடம் வேலை பார்த்தவர். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அடித்த காலமும் உண்டு, அதுவும் இல்லாமல் அடித்த காலமும் உண்டு. காதில் எப்போதும் வண்டு பறக்கிற மாதிரி இருக்கிறது என்று வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி, சென்னையிலிருந்து வருகிற அதிகாரிகளைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றி இறக்க ஆரம்பித்தார். வேலையை விட்டால் காது தேறிவிடும் என்று நினைத்திருந்தார். அது தேறவில்லை, ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் போனது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மிஷின், இன்ஜின் சத்தத்தையும் பேச்சையும் ஒன்றாகப் பெரிதாக்கி உள்ளே கொட்டியது. நரம்பே போய்விட்டது, இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் காட்டினாராம்.

"வண்டி ஓட்டறதுக்குக் கண்ணாடியப் பாத்து சமாளிச்சுக்குவேன் தம்பி. பின்னால உக்காந்துகினு இன்னா சொல்றாங்கன்னுதான் தெரில. லெப்ட்டுன்னு சொல்றான், நான் நேரா போறேன். திட்டறான், அதுவும் தெரில. எறங்கும்போது மூஞ்சப் பாத்தாத்தான் தெரியுது." முதல் நாள் அவர் சொன்னது இதுதான். செல்போனில் பேச்சை எழுதிக் காட்டுகிற வசதியை ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தார். ஆரம்பாக்கம் பக்கம் போனால் நெட் விட்டு விட்டு வரும். ஏசி ஓடுகிற இரைச்சலில் அது கண்டதையும் எழுதியது.

நான் பதில் சொல்ல இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். நெட் இல்லாமலே பேச்சை எழுத்தாக்குகிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது என்று தெரிந்தது. அதை ஓட்டுவதற்கு, டிபன் டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இறுக்கினேன். கூரைத் துணியைப் பிரித்து, உள்விளக்குக்குப் பக்கத்தில் ஒரு மைக்கையும், முன்சீட்டின் முதுகில் இன்னொன்றையும் வைத்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி ஒரு நொடி சோர்ந்துபோகும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அதற்கு ஒரு தனி சர்க்யூட் போட்டேன். வெயிலில் வண்டி நின்றால் சூட்டில் உறைந்துபோகும். அதற்கு ஒரு குட்டி விசிறி. இப்படி ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று முளைத்தது. அவரும் சவாரி இல்லாத மதியங்களில் வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் ஒயர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அதிகாரிகள் விஷயத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் நிதானமாக, டிவியில் கேட்கிற தமிழில் பேசுவார்கள். "அடுத்த சிக்னலில் நிறுத்துங்கள்" என்று அப்படியே எழுதும். அண்ணன் "சரிங்க சார்" என்பார். பின்னால் இருப்பவருக்கு இவர் காது கேளாதவர் என்றே தெரியாமல் போன நாட்கள் உண்டு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த கௌரவம் எனக்கு நினைவிருக்கிறது.

அண்ணி விஷயத்தில்தான் அது தோற்றது. அண்ணிக்கு ஊர், தடா தாண்டி ஆந்திரப் பக்கம் ஒரு கிராமம். தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து வருகிற பேச்சு. சின்ன வயதில் கொஞ்ச நாள் தெலுங்குப் பள்ளிக்கூடம் போனவர், தமிழ் எழுதத் தெரியாது. அண்ணனுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. பேச்சு இருந்த வரைக்கும் அது ஒரு குறையாக இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவர்கள் குடியிருக்கும் தெருவில் எல்லாரும் அவர் பேசுவதைப் பழித்துச் சிரித்தபோது, அண்ணன் ஒருவர்தான் அவர் பேசுகிற மாதிரியே பேசிப் பழகிக்கொண்டார். வெளியே அதிகம் பேசாத அண்ணி, வீட்டுக்குள் வாய் ஓயாமல் பேசுவாராம். ஒரே மகள் வீட்டில் இருந்தவரை, அம்மா சொல்வதை அப்பாவுக்கு எழுதிக் காட்டினாள். அவளை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருவர்தான். சாப்பிடு, போகலாம், தண்ணீர் வரவில்லை என்பதற்கெல்லாம் கை போதும். அதற்கு மேல் உள்ளதற்குக் கையால் என்ன செய்ய முடியும்.

அதனால் அண்ணிக்குத்தான் அந்தக் கம்ப்யூட்டர் மேல் ஆசை அதிகம் இருந்தது. வேலை முடிந்த அன்றே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அண்ணனைப் பார்த்து, "பாவா, அன்னம் தின்னியா இல்லியா?" என்று கேட்டார். பாவா என்றுதான் கணவரைக் கூப்பிடுவார். திரை, "பாவம் அண்ணன் தென்னை இல்லையா" என்று எழுதியது. அண்ணன் படித்துவிட்டு, "தென்னையா? நம்ம ஊட்ல ஏது தென்னை?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அண்ணி மறுபடி சொன்னார். அது வேறு ஏதோ எழுதியது. மூன்றாம் முறை அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

நான் தெலுங்குக்கு உள்ள மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன். அது தமிழ்ச் சொற்களைக் குதறியது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரே வாக்கியத்தில் நாலு சொல் இந்தப் பக்கமும் மூன்று சொல் அந்தப் பக்கமும் இருக்கிற பேச்சை, எந்த மென்பொருளும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அண்ணன் டீக்கடைக்குப் போயிருந்தபோது அண்ணி என்னிடம் கேட்டார்.

"நைனா, இதுக்கு நம்ம மாட்ட, நம்ம பேச்சு, அர்த்தமே ஆவாதா?"

"டிவில நியூஸ் படிக்கிறாங்க பாருங்க அண்ணி, அந்த மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுனா எழுதும்."

"அது எனுக்கு வருமா?" என்றார். திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வந்தா அது நான் பேசற மாதிரி இருக்குமா?" என்றார். நான் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அவர் பழகினார். வீட்டில் டிவி செய்தியைப் போட்டுவிட்டு, கூடவே சொல்லிப் பார்ப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். மதியத்தில் கார் என் கடை முன்னால் நிற்கும்போது வந்து ஏறிக்கொள்வார். "இன்று வெயில் அதிகமாக இருக்கிறது" என்பார். திரை சரியாக எழுதும். "ரேஷனில் அரிசி வந்திருக்கிறது" என்பார். அதுவும் சரியாக வரும். அண்ணன் படித்துவிட்டுத் தலையாட்டுவார். கொஞ்ச நாளில் இருவரும் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒப்பிக்கிறவர்களைப் போல ஆகிவிட்டார்கள். வெயிலும் அரிசியும் தாண்டி அண்ணிக்குச் செய்தித் தமிழ் கிடையாது. மகளின் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, சொல் கிடைக்காமல் பாதியில் தன் பேச்சுக்கு வழுக்கிவிடுவார். திரையில் எழுத்துகள் தாறுமாறாக ஓடும். அண்ணன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் உதட்டைப் பார்ப்பார். அண்ணி பேச்சை நிறுத்திக்கொள்வார்.

அந்த நேரத்தில்தான் சவாரியும் போனது. இரண்டு அதிகாரிகள் பின்சீட்டில் உட்கார்ந்து, தங்கள் கம்பெனி விவகாரம் எதையோ பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் பேசியதெல்லாம் முன்னால் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்ததை ஒருவர் பார்த்துவிட்டார். "எங்க பேச்சை ரெக்கார்டு பண்றியா? யாரு பண்ணச் சொன்னா?" என்று அவர் கத்தியதையும் அண்ணனுக்குத் திரைதான் காட்டியது. அதைப் படித்த பிறகே அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். தனக்குக் காது கேட்காது என்றும், இது எதையும் சேர்த்து வைக்காது, எழுதி அழித்துவிடும் என்றும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. காது கேட்காதவனிடமா இத்தனை நாள் உயிரை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம் என்பது அடுத்த கோபமாக இருந்தது. அந்தக் கம்பெனி மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றது. மற்ற கம்பெனிகளுக்கும் செய்தி போய்விட்டது. அவர்கள் பயந்ததைத் தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

சவாரி இல்லாமல் கார் பெரும்பாலும் என் கடை முன்னாலேயே நின்றது. ஒரு மதியம் திரை விட்டு விட்டு எரிகிறது என்று சொன்னார். நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்து, தளர்ந்த ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஓட்டுநர் சீட்டில் இல்லை, பின்னால் அண்ணியோடு உட்கார்ந்திருந்தார். நான் ஒயரைச் செருகியதும் திரை எரிந்தது. அண்ணி தொண்டையைச் செருமினார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, டிவியில் படிப்பதைப் போலவே பேசினார்.

"நான் என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். இங்கே எனக்குப் பேச ஆள் இல்லை. உங்கள் மேல் கோபம் இல்லை."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. நான் தலையை வெளியே இழுத்து அண்ணாந்து பார்த்தபோது மூன்று வரியும் திரையில் நின்றுகொண்டிருந்தன. அண்ணன் வாய்க்குள் படித்தார். வெளியே ஒரு லாரி போன சத்தத்தில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. கடைசியில் அவர், "'உங்கள்'னு போட்டுகீதே. நீயா அப்டி சொன்ன?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அண்ணி அவரை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அண்ணி தலையாட்டினார். நான் அங்கே இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்களா, இருந்தால் இருக்கட்டும் என்று விட்டார்களா, தெரியவில்லை. எழுந்துகொள்ளவும் முடியாமல், கையில் இருந்த டேப்பைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"சரி. நானே கொண்டுபோய் உடறேன்" என்றார் அண்ணன்.

அந்த வாரமே அந்தக் காரிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் கிளம்பினார். கூட்டிக்கொண்டு வரப்போவதாக என்னிடம் சொல்லவில்லை. வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டிருந்ததைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டேன். சாயந்தரம் தனியாகத் திரும்பி வந்து, காரை என் கடை முன்னால் நிறுத்தி, கம்ப்யூட்டரைக் கழற்றச் சொன்னார். வண்டியை விற்கப் போகிறாராம். நான் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தேன். நான் கேட்காமலே அவர் சொன்னார், தெருவுக்கே கேட்கிற குரலில்.

"ஊட்டு வாசல்ல நாலு பொம்பளைங்க உக்காந்துகினு வேர்க்கல்ல ஒடச்சினு இருந்தாங்க. நடுவுல இவ. நான் தூரமா வண்டிய நிறுத்திட்டுப் பாத்துகினே இருந்தேன். வாய் ஓயல தம்பி. கைய ஆட்டி ஆட்டிப் பேசறா. அவங்க ஏதோ சொல்றாங்க, இவ அந்தப் பொம்பள தோள்மேல அடிச்சிச் சிரிக்கிறா. அப்டி அவளப் பாத்து எத்தினி வருசமாச்சு. நான் எறங்குனா எழுந்து வந்திருவா. கூப்ட்டா வந்தும் இருப்பா. அதான் எறங்கல. அப்டியே திருப்பினு வந்துட்டேன்."

திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நான் மைக்கின் பக்கம் முகத்தைத் திருப்பி, "போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணே" என்றேன். அவர் அதைப் படித்தார். "கேட்டா பதில் சொல்லுவா. அது எனக்கு எப்டி தெரியும்?" என்றார். நான் ஒயரைப் பிடுங்கினேன்.

இப்போது என் கடைக்கு வருகிற கார்களில் பாதிக்குக் கம்பெனியே பெரிய திரை வைத்து அனுப்புகிறது. பாட்டைப் போடு என்று சொன்னால் போடுகிறது. அண்ணன் தொழிற்பேட்டையில் பழைய இரும்பு பிரிக்கிற ஒரு யார்டில் இருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். "அங்க யாருக்கும் யாரு பேச்சும் புரியாது. எல்லாருக்கும் கைதான். எனக்கு ஒரு பேஜாரும் இல்ல" என்று ஒருமுறை சொன்னார். வேலை முடிந்து மின்சார ரயிலில் வருகிறவர், சில நாள் ஸ்டேஷனிலிருந்து என் கடை வரைக்கும் நடந்து வருவார். ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்காருவார். நான் வேலையைப் பார்ப்பேன், அவர் ரோட்டைப் பார்ப்பார்.

போன வாரம் வந்தபோது, ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று எழுதிக் காட்டினேன். மகள் போனில் அனுப்பிய செய்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் படித்து முடிக்கும் வரை பொறுக்கவில்லை.

"நல்லா கீறாளாம். நல்லா பேசறாளாம்" என்றார்.