கமலாசனி அழித்த பெயர்கள்

கண்டியில் கட்டுகஸ்தோட்டை வீதியில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில், கம்பளைக்காரரான பளீல் சின்னதாகக் கணினி அலுவலகம் ஒன்று நடத்திவந்தார். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து நிறுவையைப் பதியும் புரோகிராம்தான் அவர்களுடைய முக்கியமான வேலை. அதை எழுதியவள் கமலாசனி. தொண்ணூற்றைந்துச் சண்டையில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து தாய் லீலாதேவியோடு வெளிக்கிட்டு, வவுனியாவில் சில மாதம் கிடந்து, கடைசியில் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகளில் வந்து தங்கியவள். யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்திருந்தாள். கண்டிக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது.

ஒரு புரோகிராமுக்குள் சின்னச் சின்ன வேலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறவர் ஒரு பெயர் வைக்க வேண்டும். கமலாசனி தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைத்தாள். கொழுந்து, தராசு, ஈரம், கூடை. தசமப் புள்ளியைச் சரியான இடத்தில் வைக்கும் வேலைகளுக்கெல்லாம் 'புள்ளி' என்று தொடங்கும் பெயர்கள்.

எழுதிய மூலத்தை ஓடக்கூடிய கோப்பாக மாற்றும்போது இந்தப் பெயர்களும் கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டு போகும். கணினிக்கு அவை வேண்டியதில்லை. புரோகிராம் இடையில் விழுந்தால், எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதியவர் தேடிப் பிடிப்பதற்காகத்தான் அவை. ஒரேயொரு கட்டளை கொடுத்தால் அத்தனையும் உதிர்ந்துவிடும். கோப்பும் பாதிக்குமேல் சிறுத்துவிடும். வெளியே கொடுக்குமுன் அப்படிச் செய்வதுதான் வழக்கம். கமலாசனி செய்வதில்லை. பெயர்கள் இருந்தால் தொழிற்சாலையிலேயே உட்கார்ந்து பிழையைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் கண்டித் தலதா மாளிகைக்கு முன்னால் புலிகளின் குண்டு வெடித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தெல்தோட்டைத் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போன கமலாசனியைச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பையில் இரண்டு பிளொப்பி. யாரோ அவற்றைக் கொண்டுபோய்க் கணினியில் திறந்து பார்த்திருக்கிறார்கள். விளங்காத குறிகளுக்கு நடுவே பி-யு-எல்-எல்-ஐ என்ற எழுத்துகள் நாற்பத்தொரு இடத்தில் இருந்தன.

"இத்தனை புலி எதற்கு?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"அது புலி இல்லை. புள்ளி. எல் இரண்டு இருக்கிறது."

"எழுத்துப் பிழையாக இருக்கலாமே."

அவள் ஒரு தாளில் 12.5 என்று எழுதி, நடுவில் இருந்த புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் தாளை மடித்துத் தன் விசாரணைக் கோவைக்குள் வைத்தார்.

ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை, மூன்றாம் நாள், ஒருவன் கன்னத்தில் அறைந்தான். பயம் வரும் வரும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், வரவில்லை. கொடுத்த சோற்றைச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். பளீல் புரோகிராம் முழுவதையும் கடதாசியில் அச்சடித்து, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சிங்களத்தில் பொருள் எழுதி, ஒரு சட்டத்தரணியோடு நாலு தடவை வந்தார். ஒன்பதாம் நாள் அந்தக் கடதாசிகளைத் தாங்களே வைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கி அவளை விட்டார்கள்.

வீட்டில் தாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு ஏதும் செய்தவங்களே பிள்ளை? என்னட்டைச் சொல்லு."

"ஒண்டும் இல்லை அம்மா. நான் குளிக்கப் போறன்."

அழுவாள் என்று லீலாதேவி இரண்டு நாள் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போன கமலாசனி முதலில் செய்தது, எல்லாக் கோப்புகளிலிருந்தும் பெயர்களை உதிர்த்ததுதான். அதோடு நிற்கவில்லை. தொழிற்சாலைகளுக்குப் பெயரில்லாத கோப்பை அனுப்பி, பெயரோடு இருந்த பழைய கோப்புகளை அழித்தாள். தான் எழுதிய மூலத்திலும் பெயர்களை எல்லாம் மாற்றி, எஃப் ஒன்று, எஃப் இரண்டு என்று இருநூற்றுப் பதினாலு வரைக்கும் இலக்கம் போட்டாள்.

பளீல் அவளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். "தங்கச்சி, வெளிய அனுப்புறதுல எடுங்க, அது சரி. பேரோட ஒரு கொப்பி நம்மட அலுமாரில ஈக்கட்டுமே. நாளைக்கி ஒண்டு பிழைச்சா எங்க போய்த் தேடுற?"

"தேவையில்லை."

"கோவமா?"

"இல்லை, பளீல் நானா." அது உண்மைதான். அவளிடம் கோபம் இருக்கவில்லை.

மே மாதம் மழைக்குப் பிறகு கொழுந்து குவிந்தது. தெல்தோட்டைத் தொழிற்சாலையில் புரோகிராம் பின்னேரத்தில் விழத் தொடங்கியது. அதற்குள் அவள் மூலத்தில் எவ்வளவோ மாற்றியிருந்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்ததற்கும் அவள் கையில் இருந்ததற்கும் பொருத்தம் இல்லை. நேரில் போக வேண்டியிருந்தது.

நிறுவைக் கிளார்க் கணபதி கடதாசித் துண்டுகளை எடுத்து நீட்டினார். "வாங்க மிஸ். விழுறப்போ வர்ற நம்பரையெல்லாம் எழுதி வச்சிருக்கேன். இதுல ஏதாச்சும் தெரியுதுங்களா?"

வெறும் இலக்கங்கள். பெயர் இருந்திருந்தால் அரைமணி நேர வேலை. அவள் பதினொரு நாள் கண்டியிலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள். சோதனைச் சாவடியில் ஒவ்வொரு நாளும் இறங்கி ஏறினாள். நிறுவை அறையின் மூலையில் கதிரையைப் போட்டு, மூலத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வெளியே பெண்கள் கூடைகளோடு வரிசையில் நிற்க, கணபதி பழையபடி கையால் எழுதினார்.

எட்டாம் நாள் எஃப் எண்பத்தெட்டில் நின்றாள். அது என்ன செய்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. எதற்காக எழுதினோம், எப்போது எழுதினோம் என்பதும் ஞாபகம் வரவில்லை. வேறு யாரோ எழுதியதைப் போல அதை முதலிலிருந்து படித்தாள்.

"இது நீங்க எழுதுனதுதானுங்களே மிஸ்?" என்று கணபதி கேட்டார்.

"ஓம். நான்தான்."

பதினோராம் நாள் பிடிபட்டது. எஃப் எண்பத்தெட்டு ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது பேருக்குத்தான் இடம் வைத்திருந்தது. கொழுந்து கூடிய நாளில் அன்றன்று காசு வாங்கும் கைக்காசு ஆட்களும் சேர்ந்து இருநூற்று அறுபது, எழுபது பேர் வந்தார்கள். ஐந்நூறு என்று மாற்றினாள். புரோகிராம் அதற்குப் பிறகு விழவில்லை. கணபதி சந்தோஷத்தில் குடிக்கப் பிளேன்ரீயும் கடிக்கப் பணிசும் வாங்கிக் கொடுத்தார். அவள் பணிசை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு நாலரை பஸ் பிடித்தாள்.

அடுத்த கிழமை பளீலிடம் சொல்லாமலே திரும்பப் பெயர் வைக்க உட்கார்ந்தாள். இம்முறை ஆங்கிலத்தில். எஃப் எண்பத்தெட்டு உட்படச் சிலவற்றின் பழைய பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவற்றுக்குப் புதிதாக வைத்தாள். வெளியே போகும் கோப்பில் பெயர்களை உதிர்த்தாள். பெயரோடு உள்ளதைத் திகதி எழுதி அலுமாரியில் வைத்தாள். பளீல் அதைக் கண்டார். அன்று மத்தியானம் அவளுக்கும் சேர்த்து புரியாணி எடுப்பித்தார்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்தபோது லீலாதேவி ஊருக்குப் புறப்பட்டாள்.

"நீயும் வாவன் பிள்ளை. ஒருக்கா வீட்டைப் பாத்திட்டு வருவம்."

"நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்கு வேலை கிடக்கு."

நாலாம் நாள் தாய் திரும்பி வந்தாள். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக்குள் குப்பை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கமலாசனி அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். தாய் சொல்லி முடித்ததும், "சாப்பிட்டீங்களே?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோறு போட்டாள்.