ஒஸ்வால்டுக்கு வந்த பாஷை

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், மரம் அரிந்து விற்கும் மரக்காலைக்கும் பலசரக்குக் கடைக்கும் நடுவே நெருக்குப்பட்டுக் கிடந்தது பெத்தானியா சபை. நாற்பது குடும்பம் சொச்சம். ஓலைக் கிடுகைக் கழற்றி ஓடு போட்டபிறகு அந்தச் சபையில் பெரிதாக ஒரு மாற்றமும் நடந்ததில்லை. கடவுளே வந்தாலும் நேரத்துக்கு வந்து கடைசி வாங்கில் அடக்கமாக உட்கார வேண்டும், அவ்வளவு ஒழுங்கு. பிந்தி வந்தால் அவருக்கும் இடமில்லை. முதல் பாட்டுத் தொடங்கியதும் மூப்பர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிடுவார். அது அந்தச் சபையின் வழக்கம்.

மூப்பர் என்றால் ஒஸ்வால்ட். வெள்ளைக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி நடந்து வரும்போது அவருடைய முகத்தில் ஒரு திருப்தி தெரியும். வேண்டியவர்கள் உள்ளே, வேண்டாதது வெளியே.

வார நாட்களில் அவர் ஏலக்காரர். பறங்கிக் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறத் தொடங்கிய காலத்தில் பிடித்த தொழில். போகிறவர்களுடைய அலுமாரி, கட்டில், பியானோ எல்லாவற்றையும் ஒஸ்வால்ட் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று விற்றுக் கொடுப்பார். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மூச்சில் உருட்டி எடுத்து விடுவார். வாய் ஓடும்போது அது என்ன சொல்கிறது என்று கேட்பவனுக்கும் விளங்காது, சில வேளை அவருக்கும் விளங்காது. கேள்வி விலை ஏறினால் சரி. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று அவர் தட்டிவிட்டால் அந்தப் பொருள் போனதுதான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு பழைய போதகர் ஓய்வு பெற, பெங்களூரில் படித்துவிட்டு வந்த பாஸ்டர் தியோடர் அந்த இடத்துக்கு வந்தார். வயது முப்பதுகூட இல்லை. வந்த கையோடு வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் காத்திருப்பு ஜெபம் என்று ஒன்றைத் தொடங்கினார். முழங்காலில் நின்று, ஆவியானவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு வாரமும் வந்தது கடிக்கிற நுளம்புதான். மூன்றாவது வாரம் இராமலெட்சுமி அழுதுகொண்டே ஏதோ ஒரு பாஷையில் பேசத் தொடங்கினாள். மட்டக்குளியில் தென்னந்தும்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள் அவள். மலைநாட்டிலிருந்து வந்து இங்கே ஞானஸ்நானம் எடுத்தவள். பெயரை மாற்றச் சொன்னபோது, 'எங்க அப்பா வச்ச பேரு, அது இருக்கட்டுமுங்க' என்று சொல்லிவிட்டவள். கதவுக்குப் பக்கத்து வாங்குதான் அவளுக்கு எப்போதும்.

அவளுக்குப் பின் தையற்காரர் ஸ்ரனிஸ்லாஸ். அவருக்குப் பின் அவருடைய மனைவி. பிறகு ஆள்மாறி ஆளாக அபிஷேகம் வந்து, ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் நம்பாத பெரிய மனிதர்களே கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். ஒஸ்வால்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. முழங்கால் நொந்தது. பக்கத்து மரக்காலையின் மரத்தூள் மணம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான்.

அது வராததைவிட, அதைப்பற்றி வந்த பேச்சுத்தான் அவரை அரித்தது. மூப்பர் வீட்டில் ஒரு தடை இருக்கிறதாம். தடைக்குப் பெயர் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அதன் பெயர் பியூலா.

பியூலா அவருடைய ஒரே மகள். புறக்கோட்டைப் புடைவைக் கடை ஒன்றில் கணக்குப் பார்த்த ஆனந்தகிருஷ்ணன் என்ற செட்டியார் வீட்டுப் பையனை மூன்று வருடத்துக்குமுன் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அந்த வீட்டாரும் அவனைத் தள்ளிவைத்தார்கள், ஒஸ்வால்டும் இவளைத் தள்ளிவைத்தார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த வருடம் மார்கழியில் கிறிஸ்து பிறந்த நத்தார் ஆராதனைக்கு அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் நெற்றியில் பொட்டு. முதல் பாட்டுத் தொடங்கிவிட்டது. வாசற்படியில் ஒரு காலை வைத்த மகளைப் பார்த்துக்கொண்டே ஒஸ்வால்ட் கதவைச் சாத்தினார். வழக்கம்தானே என்று பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவள் பிந்தவில்லை, அவர்தான் பாட்டை முந்தித் தொடங்க வைத்தார் என்பது அவருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் மட்டும் தெரியும்.

ஆக, பேச்சை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் உரத்து ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒஸ்வால்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயை அவிழ்த்து விட்டார். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வாய். சொற்களை வெட்டி, வாலைத் தலையாக்கி, சிங்களத்தின் நடுவில் இங்கிலீஷைச் செருகி, மூச்சு விடாமல் உருட்டினார். மண்டபம் அடங்கிப் போயிற்று. பாஸ்டர் அவருடைய தலையில் கை வைத்து ஸ்தோத்திரம் சொன்னார். தப்பினோம் என்று ஒஸ்வால்ட் மூச்சு வாங்கிய அந்தக் கணத்தில், கதவடியிலிருந்து இராமலெட்சுமி எழுந்து நின்றாள். அந்நியபாஷை பேசினால் அதற்கு ஒருவர் அர்த்தம் சொல்லும் வழக்கம் உண்டு. அதை ஒஸ்வால்ட் மறந்துபோனார்.

"எம் புள்ளைய வெளியில நிக்க வச்சிட்டு, எனக்கு எதுக்கு கதவத் தொறக்கிறீங்க?" என்றாள் இராமலெட்சுமி. குரலில் கோபம் இல்லை. ஒரு தாய் கேட்பதுபோல் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒஸ்வால்ட் கண்ணைத் திறந்து கதவடியைப் பார்த்தார். அந்த நத்தாருக்கும் அவள் கதவடியில்தான் இருந்தாள். கண்டதைச் சொன்னாளா, கேட்டதைச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் அங்கே கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அது அவருக்கு மட்டும் நிச்சயம்.

அவருக்கு ஏமாற்று வேலையாக இருந்தது மற்றவர்களுக்கு வேதவாக்காகிவிட்டது. ஒவ்வொருவரும் அது தனக்கே சொன்னது என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்ரனிஸ்லாஸ் காணித் தகராறில் முகம் பாராதிருந்த தம்பியைத் தேடி நீர்கொழும்புக்குப் போனார். ஒருத்தி, ஓடிப்போனவள் என்று ஒதுக்கிய மருமகளைக் கூட்டிவந்தாள். பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அந்த வார்த்தையை எடுத்துக் காட்டி, இனிமேல் ஆராதனை நேரத்தில் கதவு சாத்துவதில்லை என்று அறிவித்தார். மட்டக்குளியின் குடிசைத் தோட்டங்களிலிருந்து, குளித்த தலையோடும் குழந்தைகளோடும், பாட்டுத் தொடங்கியபிறகும் சனம் வந்துகொண்டே இருந்தது. வாங்கு போதாமல் பாய் விரித்தார்கள். சபைக்கு உயிர் வந்துவிட்டது என்று எல்லோரும் ஒஸ்வால்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ஒவ்வொரு குலுக்கலுக்குப் பிறகும் அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஏலத்தில் இரண்டுமுறை கேள்வியைத் தவறவிட்டு ஏலக் கம்பனி முதலாளியிடம் ஏச்சு வாங்கினார். பொய்யிலே கட்டிய வீட்டுக்குள் ஒரு ஊரே குடிவந்து சந்தோஷமாக இருக்கிறது, கட்டியவனுக்கு மட்டும் உள்ளே கால் வைக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் ஸ்ரனிஸ்லாஸின் தம்பி என்னாவது? அந்த மருமகள் என்னாவாள்? சொல்லாவிட்டால் நான் என்னாவது? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தார்.

ஒரு ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில், சொல்லிவிடுவோம் என்று எழுந்தே விட்டார். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் பின்னால் உள்ள வாங்கிலிருந்து புதிதாக ஒருவர் எழுந்தார். ஸ்ரனிஸ்லாஸின் தம்பி. "என்ர அண்ணனை எனக்குத் திருப்பித் தந்த இந்த மூப்பருக்கு..." என்று தொடங்கியவர் மேலே பேச முடியாமல் அழுதார். ஒஸ்வால்ட் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் அவருடைய மனைவி எமிலி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அதிகம் பேசாதவள். பேசினால் முடிவோடுதான் பேசுவாள்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு நீங்கள் கத்தினது ஏலம்தானே?"

ஒஸ்வால்டின் கை சோற்றில் நின்றது.

"இத்தனை வருஷமாக் குளிக்கேக்கையும் நித்திரையிலையும் அதைத்தான் கத்திறியள். எனக்குத் தெரியாதோ? வாலும் தலையும் மாத்தினா ஆள் மாறுமோ."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீ?"

"இராமலெட்சுமி சொன்னதைக் கேட்டுத்தான். நீங்கள் கத்தினது பொய். அவ சொன்னது பொய்யெண்டு உங்களால சொல்ல ஏலுமோ?"

எமிலி தண்ணீர்க் கோப்பையை அவருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

"சபையில எல்லாரும் போயிட்டினம். உங்கட வாயால வந்ததெண்டு நம்பி, தங்கட தங்கட வாசலைத் தேடிப் போயிட்டினம். போகாமல் இருக்கிறது நீங்கள் ஒராள்தான். பிள்ளையும் புருஷனும் வாற மாசம் இந்தியாவுக்குப் போயினம். தலைமன்னார்க் கப்பலில. வீட்டுச் சாமானுக்கு விலை பேச ஆள் பார்க்கினம். உங்களை மட்டும் கூப்பிட வேண்டாமாம்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"நான் போய் வாறனான். நீங்கள் ஏலத்துக்குப் போற நாளில."

ஒஸ்வால்டுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது பொறாமை. மூன்று வருடமாக இவள் மகளைப் பார்த்திருக்கிறாள். அவள் மெலிந்தாளா, கொழுத்தாளா, எந்தப் பக்கம் வகிடு எடுக்கிறாள் என்பதெல்லாம் இவளுக்குத் தெரியும். போகிறவர்களுடைய வீடுகளில் நின்று வாழ்ந்தவர் அவர். சாமான் விற்றவர்கள் திரும்பி வந்ததை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

சனிக்கிழமை, எமிலியிடம் மகளின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினார். பம்பலப்பிட்டி தாண்டும்வரை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். 'ஆண்டவர் என்னோட பேசினவர், பிள்ளை' என்று தொடங்கினால் நன்றாகத்தான் இருக்கும். கௌரவமும் போகாது. வெறும் ஒஸ்வால்ட் வந்து நிற்பதைவிட, அனுப்பப்பட்டவராக வந்து நிற்பது லேசு. காலி வீதியில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடக்கும்போதும் அந்த வசனம் நாக்கில்தான் இருந்தது.

வீடு, ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு மேல்மாடியின் பின்பக்கம். கதவைத் தட்டினார். ஒருதரம். உள்ளே யாரோ எதையோ இழுக்கும் சத்தம் நின்றது. இரண்டுதரம். மூன்றாவது முறை தட்டக் கை எழவில்லை. மூன்றாவது தட்டுக்குப் பிறகு பொருள் போய்விடும் என்பது அவர் கைக்குப் பழகிய விஷயம்.

சங்கிலி போட்டபடி கதவு கொஞ்சம் திறந்தது. பியூலா நின்றாள். வகிடு நடுவில்தான். அதன் கீழே பொட்டு.

அவள் சங்கிலியில் கையை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சபையில ஏதோ வெளிப்பாடு வந்ததெண்டு மம்மா சொன்னவ," என்றாள். "பிள்ளையை உள்ள எடு எண்டு. அதுக்காகவோ பப்பா வந்தனீங்கள்? ஆண்டவர் சொன்னாத்தான் என்னைப் பாக்க வருவியள் எண்டா, வர வேண்டாம். ஆண்டவர் அனுப்பின ஆக்களை நான் கனபேரைக் கண்டிட்டன்."

தயாராக வைத்திருந்த வசனம் ஒஸ்வால்டின் வாயில் உலர்ந்துபோயிற்று.

"எனக்கு ஒண்டும் வரேல்லை, பியூலா," என்றார். "அண்டைக்கு நான் கத்தினது ஏலம். உன்னால எனக்குத் தடையெண்டு கதைச்சினம். அந்த வாயளை மூடத்தான் கத்தினனான். ஆண்டவர் எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை."

"அப்ப ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நானாத்தான் வந்தனான்."

கீழே மருதானைப் பக்கம் போகும் ரயில் ஒன்று நீளமாகக் கடந்துபோயிற்று. பிறகு பியூலா கதவைச் சாத்தினாள். ஒஸ்வால்ட் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார். அந்த நத்தாருக்கு வெளியே நின்ற அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. சங்கிலியைக் கழற்றக் கதவைச் சாத்தத்தான் வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

கதவு முழுதாகத் திறந்தது.

உள்ளே கட்டில், அலுமாரி, மேசை எல்லாவற்றிலும் சோக்கட்டியால் இலக்கம் போட்டிருந்தது. கிராண்ட்பாஸில் பழைய சாமான் வாங்குகிற றவூபின் எழுத்து என்று பார்த்ததுமே தெரிந்தது. நல்ல மனிதன், ஆனால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான். இலக்கம் போடாத ஒரு கதிரையை பியூலா அவருக்கு இழுத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்ததும் அவருக்கு அழுகை வந்தது. கைலேஞ்சியைத் தேடினார், கொண்டுவந்திருக்கவில்லை. சட்டைக் கையால் துடைத்தார். ஆனந்தகிருஷ்ணன் குசினி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, பேசாமல் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனான்.

"நாளைக்குச் சபையில என்ன செய்யப் போறியள்?" என்றாள் பியூலா.

"எழும்பிச் சொல்லத்தான் வேணும். பொய்யெண்டு."

"மூப்பர் வேலை போயிடும்."

"போகும்." அது போவதை நினைக்க அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. பாஸ்டரின் முகம், ஸ்ரனிஸ்லாஸின் தம்பியின் முகம், முன்னால் வந்து கை குலுக்கிய எல்லோருடைய முகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. "சனம் என்ன சொல்லுமோ தெரியேல்லை. திரும்பவும் கதவைச் சாத்தினாலும் சாத்துவினம்."

பியூலா மேசையில் இருந்த இலக்கத்தை விரலால் அழித்துக்கொண்டிருந்தாள். அழிக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"நீங்கள் சொல்லேக்க நானும் வரட்டோ?" என்றாள். "பொட்டோடதான் வருவன். அவரும் வருவார்."

ஒஸ்வால்ட் தலையாட்டினார். ஏதோ பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. மூன்று பாஷையிலும் தேடிப் பார்த்தார்.

"முன்வாங்கில இருங்கோ," என்றார்.